பெரியவருக்குப் பொருந்திய தலை

நனைந்த தொப்பியை வெயிலில் காயவைக்கக் கூடாது. இது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள். முயல் மயிரை அழுத்திச் செய்த உயர்ந்த வகைத் தொப்பியாக இருந்தால், அதற்கென்றே கடைந்த மரத்தலையின் மேல் மாட்டி, காற்றோட்டமுள்ள நிழலில் இரண்டு முழு நாட்கள் அதைத் தனியே விட்டுவிட வேண்டும். மரத்தலை இல்லாமல் விட்டால் அது தன் விருப்பத்துக்குச் சுருங்கும். தொப்பிக்கு ஞாபகம் கிடையாது, ஐயா. எதன்மேல் காய்கிறதோ அதன் வடிவத்தையே தன் வடிவமென்று எண்ணிக்கொள்ளும். நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை ஏறத்தாழ முழுவதும் இதிலேயே அடங்கியிருக்கிறது, மீதி விவரங்கள்தாம். தொடங்குமுன் ஒரு சிறு வேண்டுகோள்: மேசைமேல் அதை அப்படி நிறுத்தி வைக்காதீர்கள். விளிம்பு தட்டையாகிவிடும். மல்லாக்க வையுங்கள். நன்றி.

இந்த விடுதியின் துணியறையில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தையல் வேலை பார்க்கிறேன். திரைச்சீலைகளுக்கு ஓரம் மடிப்பது, மேசைத் துணிகளின் கிழிசலைத் தைத்த சுவடு தெரியாமல் தைப்பது, பணியாளர் சட்டைகளில் உதிர்ந்த பொத்தான்களைப் பொருத்துவது ஆகியவை என் வேலைகள். இவற்றோடு பெரியவரைப் பராமரிப்பதும். பெரியவர் என்று நாங்கள் சொல்வது இந்தத் தொப்பியைத்தான். ஒரு சாண் உயரம், கருநீல நிறம், அடிப்பகுதியில் பொன்னிறச் சரிகை, உள்ளே நெற்றியைத் தொடும் இடத்தில் மெல்லிய தோல்பட்டை. விடுதியைக் கட்டிய முதல் முதலாளி, கட்டடம் பாதி எழும்பியிருந்தபோதே கடல் கடந்து ஒரு தொப்பிக்காரருக்குச் சொல்லி இதைச் செய்வித்தாராம். தொப்பி வந்து சேர்ந்தபோது வாசலும் இல்லை, வாசல்காரரும் இல்லை. ஆகவே ஆளுக்குத் தொப்பி தேடுகிற உலக வழக்கத்தை அவர் திருப்பிப்போட்டார். தொப்பிக்கு ஆள் தேடினார். அந்த முறை இன்றுவரை மாறவில்லை.

நீங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருப்பதால் இதைச் சற்று விளக்கிவிடுகிறேன். வாசல்காரர் வேலை காலியானால் முன்கூடத்தில் ஆண் பணியாளர்கள் வரிசையில் நிற்பார்கள். மேலாளர் ஒவ்வொருவர் தலையிலும் பெரியவரை வைப்பார். வைத்துக்கொண்டவர் மூன்று முறை குனிந்து நிமிர வேண்டும். தொப்பி விழவும் கூடாது; கழற்றிய பின் நெற்றியில் தடம் பதிந்திருக்கவும் கூடாது. படிப்பு, அனுபவம், நடத்தை எதையும் எவரும் கேட்பதில்லை. பெரியவர் ஏற்றுக்கொண்டாரா என்பது ஒன்றுதான் கேள்வி. ஏற்றுக்கொள்ளப்பட்டவரும் ஆண்டுக்கொரு முறை, விடுதி திறந்த தேதியில், அதே மூன்று வணக்கத்தை மேலாளர் முன் செய்துகாட்டித் தன் இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். லிஃப்ட் இயக்குபவர் இதை அழகாகச் சொல்வார்: "நமக்கெல்லாம் கழுத்துக்கு மேல இருக்கிறது தலை. வாசல்காரருக்கு மட்டும் பெரியவருக்குக் கீழ இருக்கிறதுதான் தலை."

இந்த முறையில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மனிதர்கள் மாறலாம், பெரியவர் மாறமாட்டார். எங்கும் எழுதிவைக்கப்படாத இந்த ஒரு வரியின் மேல்தான் விடுதியின் வாசல் நிற்கிறது. நான் செய்ததெல்லாம் அந்த வரிக்குள் ஓர் ஊசியை நுழைத்ததுதான்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பெரியவர் என் கணவரை ஏற்றுக்கொண்டார். அதற்கு முன் அவர் சாமான் அறையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். அவருடைய தலை பெரியது, உருண்டையானது. அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், அதை ஒரு குடும்பச் சொத்தைப் போலக் குறிப்பிடுவார். "எங்க வீட்டுத் தலை அது. தொப்பி பிறக்கறதுக்கு முன்னாடியே அளவெடுத்து வச்ச தலை."

வாசலில் அவரைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஒரு நாளைக்கு எண்ணூறு முறை கதவைத் திறப்பார். எண்ணூறு முறையும் அது முதல் முறையைப் போல இருக்கும். வலக்கையால் கதவு, இடக்கை மார்பில், தலை சற்றே தாழ, "வாங்க, வணக்கம்ங்க." மழையில் வருகிறவர்களுக்குக் குடை பிடிப்பார். முதியவர்களுக்கு முழங்கையைக் கொடுப்பார். குழந்தைகளைப் பார்த்துப் பெரியவரைக் கழற்றி மாட்டுவார். விருந்தினர்கள் எழுதும் பாராட்டுப் புத்தகத்தில் படுக்கையைப் பற்றி ஒரு வரியும் அவரைப் பற்றி நான்கு வரியும் இருக்கும்.

வீட்டில் அவர் கதவைத் திறப்பதில்லை.

இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, நிலவரமாகச் சொல்கிறேன். அவருக்கு வேலை சீக்கிரம் முடியும். எனக்கு ஒரு மணி நேரம் கழித்து. நான் இரண்டு கைகளிலும் பைகளோடு வந்து முழங்கையால் அழைப்பு மணியை அழுத்துவேன். உள்ளே அவர் நாற்காலியில் சாய்ந்திருப்பது சன்னல் வழியாகத் தெரியும். மறுபடி அழுத்துவேன். பைகளைத் தரையில் வைத்து, சாவியைத் தேடி, கதவைத் திறந்து, பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனால் அவர் தலையைத் திருப்பாமல் கேட்பார்:

"வந்துட்டியா?"

"மணி அடிச்சேனே, கேக்கலையா?"

"கேட்டுச்சு. நாள் பூரா கதவு திறக்கறவன் நான். வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது."

இதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று நானே பல ஆண்டுகள் நம்பினேன். தையற்காரியான நான் வீட்டில் அவருடைய பொத்தான்களைத் தைத்துக்கொண்டே அதை நம்பினேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பின்வாசலில் சாக்கடை தோண்டினார்கள். பணியாளர்கள் ஒரு வாரம் முன்வாசலைப் பயன்படுத்தலாமென்று மேலாளர் அனுமதித்தார். சலவைக்குப் போய்வந்த திரைச்சீலைகளை இரண்டு கைகளிலும் முகவாய் வரை அடுக்கிக்கொண்டு நான் படியேறினேன். வாசலில் என் கணவர், தலையில் பெரியவர். அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலே பார்த்தார். கதவு திறந்தது. நான் ஓரடி எடுத்து வைத்தபோது, என் இடப்பக்கமாக ஒரு நாய் உள்ளே சென்றது. மூன்றாம் மாடியில் தங்கியிருந்த பெண்மணியின் நாய். வெள்ளை, சிறியது, நன்றாக வாரப்பட்டது. என் கணவர் நாய்க்குத் தொப்பியைக் கழற்றினார். பின்னால் வந்த பெண்மணிக்கும் கழற்றினார். பிறகு கதவை மூடினார். அது என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் மூடியது.

அந்த நாயின்மேல் எனக்கு இன்றுவரை எந்த வருத்தமும் இல்லை.

அன்று மாலை வீட்டில் கேட்டேன்.

"கதவைப் பிடிச்சிருக்கலாமே, என்னங்க?"

"தொப்பி போட்டிருந்தேன்ல. தொப்பி போட்டுக்கிட்டு வீட்டு ஆளுங்களைப் பார்க்கக் கூடாது. அது முறையில்ல."

"நாயைப் பார்க்கலாமா?"

அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். "அது விருந்தாளி" என்றார்.

நான் சிந்திக்கிறவள், ஐயா. ஊசி வேலை செய்கிறவர்களுக்கு அதற்கு நேரம் கிடைக்கும். தொப்பி இருக்கும்போது அவரிடம் மரியாதை இருக்கிறது, ஆனால் நான் இல்லை. தொப்பி இல்லாதபோது நான் இருக்கிறேன், மரியாதை இல்லை. இந்த இரண்டையும் எங்காவது ஒரு மடிப்பில் சேர்த்துத் தைக்க முடியுமா என்றுதான் யோசித்தேன். யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை.

முதல் முறை நடந்தது தற்செயல். அந்த வாரமே பெருமழை பெய்தது. பெரியவர் சொட்டச் சொட்ட என்னிடம் வந்தார். மரத்தலையில் மாட்டி வைக்க வேண்டும். நான் மேசைமேல் வைத்துவிட்டேன். மரத்தலை எட்டடி தூரத்தில் அலமாரியில் இருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருந்தாலும் தற்செயல் என்றே சொல்லத் தோன்றுகிறது. மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பும்போது சொன்னார், "பெரியவர் இன்னிக்குக் கொஞ்சம் பிடிக்கிறாரு." ஒரு நூலிழை சுருங்கியிருக்கும், அதற்கு மேல் இராது.

மாலை நான் வீட்டுக்குப் போனபோது, மணியை அழுத்த முழங்கையை உயர்த்தினேன். அழுத்துமுன் கதவு திறந்தது. என் கணவர் நின்றிருந்தார். கைகளிலிருந்து பைகளை வாங்கிக்கொண்டார்.

"மணி அடிக்காதே. தலை விண்ணு விண்ணுன்னு வலிக்குது. அந்தச் சத்தம் உள்ள எலும்புல அடிக்குது."

"எப்படித் தெரிஞ்சுது நான் வந்தது?"

"சன்னல்கிட்டயே நின்னுக்கிட்டிருந்தேன்."

நான் உள்ளே போனேன். ஒன்பது ஆண்டுகளில் முதல் முறையாக, பைகளைத் தரையில் வைக்காமல் என் வீட்டுக்குள் போனேன். அந்த உணர்ச்சியை உங்கள் அறிக்கையில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எழுதியாக வேண்டும், வழக்கே அதுதான்.

மூன்று வாரம் கதவு திறந்தது. அவர் மெதுவான குரலில் பேசினார். நெற்றியைப் பிடித்துவிடச் சொன்னார், பிடித்துவிட்டேன். தைலம் தடவினேன். பிறகு தோல்பட்டை அவர் தலைக்கு இணங்கிக் கொடுக்கத் தொடங்கியது. தோலின் இயல்பு அது. வலி போயிற்று. மறுநாள் நான் மணியை நான்கு முறை அழுத்திவிட்டுச் சாவியைத் தேடினேன்.

அதற்குப் பிறகு நடந்தவை தற்செயல் அல்ல. மாதத்துக்கு ஒரு முறை பெரியவர் ஆவி பிடித்துச் சுத்தம் செய்யப்படுவார். அது என் கடமை. அப்போது தோல்பட்டையின் பின்பக்கத் தையலைப் பிரித்து, நூலிழை அளவு உள்ளே வாங்கி, பழைய துளைகள் தெரியாதபடி மறுபடி தைத்தேன். தையலைப் பாருங்கள், ஐயா. எங்கே பிரித்தேன் என்று உங்களால் சொல்ல முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை.

தலைவலிக்குக் காரணம் தேடுவதில் என் கணவர் சோம்பல் காட்டவில்லை. முதலில் கண் மருத்துவர். கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அவருக்குப் பார்வைக் குறை எதுவும் பெரிதாக இல்லை, எனினும் அவர் அதை அணிந்துகொண்டார். அடுத்து பொது மருத்துவர். நல்ல மனிதர், கூர்மையானவர். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தலையில இறுக்கமா ஏதாவது போடறீங்களா?"

என் கணவர் சிரித்தார். "ஒன்பது வருஷமா ஒரே தொப்பி, டாக்டர். அது மாறாது."

மருத்துவர் என்னைப் பார்த்தார். "மாறாதுங்க" என்றேன். இது பொய் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய்கள் மொத்தம் மூன்று. மற்ற இரண்டையும் அவை வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது உடனே வருகிறது.

"லீவு நாள்ல வலி எப்படி?" என்று அவர் கேட்டார்.

"லீவு நாள்லதாங்க ஜாஸ்தி" என்றேன். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்து, சற்று யோசித்து, தலையசைத்தார். மனைவிக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார்.

பொது மருத்துவர் குழம்பிப்போய்ப் பல் மருத்துவரிடம் அனுப்பினார். கடைவாய்ப் பற்களின் வேர் மண்டைவரை வலியைக் கடத்தக்கூடுமாம். முதலில் இரண்டு எடுத்தார்கள். ஒரு மாதம் வலி குறைந்தது. காரணம், அந்த மாதம் நான் திருமண விருந்துகளுக்கான மேசைத் துணிகளில் மூழ்கியிருந்ததால் பெரியவரைக் கவனிக்க நேரமில்லை. பற்கள்தான் காரணம் என்று உறுதியாயிற்று. பிறகு வலி திரும்பியதால் இன்னும் இரண்டு. அவை நல்ல பற்கள். பிடுங்கிய பின் ஒரு காகிதத்தில் சுற்றித் தந்தார்கள், நான் பார்த்தேன். அதற்கடுத்த ஆண்டு மூக்கு எலும்பு வளைந்திருப்பதாகச் சொல்லி நேராக்கினார்கள். ஒப்புதல் படிவத்தில் நான்தான் கையெழுத்திட்டேன். அவர் படுக்கையில் கிடந்த பத்து நாட்களும் பக்கத்தில் இருந்தேன். ஒரு வேளை மருந்தைக்கூடத் தவறவிட்டதில்லை; மருத்துவமனையில் எவரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நாத்தனார் வந்து பார்த்தார். "என் தம்பிக்கு ஒரு தலைவலி வந்தது கிடையாது. உன்கிட்ட வந்த பிறகுதான் தலைன்னு ஒண்ணு இருக்கிறதே அவனுக்குத் தெரியுது."

"நல்லாத்தான் பார்த்துக்கறேன், அண்ணி."

"அதான் பயமா இருக்கு" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னார். இந்த மூன்று ஆண்டுகளில் உண்மைக்கு மிக அருகில் வந்தவர் அவர்தான்.

இதற்கிடையில் ஒரு தொழில் சிக்கல் எழுந்தது. பெரியவர் சுருங்கச் சுருங்க மரத்தலை உள்ளே நுழையவில்லை. வடிவம் கெடாமல் ஈரத் தொப்பி காய வேண்டுமானால் சிறிய தலை ஒன்று வேண்டும். துணியறையில் இருந்த சிறிய தலை என்னுடையது. ஆகவே மதிய இடைவேளைகளில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஆவி பிடித்த பெரியவரை என் தலையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். இது முழுக்க முழுக்க வேலை சம்பந்தப்பட்டது. சீருடை அளவு பார்க்கும் ஆளுயரக் கண்ணாடி எதிரே இருந்தது. அதை நான் அங்கே வைக்கவில்லை, எப்போதும் அங்கேதான் இருக்கிறது. தொப்பி ஒரு பக்கம் சரியாமல் இருக்க முதுகை நிமிர்த்த வேண்டும். விளிம்பு சீராகப் படிய மூன்று முறை குனிந்து நிமிர்வது நல்லது. ஓரிரு முறை துணியறைக் கதவைத் திறந்து, ஆளில்லாத நடையைப் பார்த்து, "வாங்க, வணக்கம்ங்க" என்றும் சொல்லிப் பார்த்தேன். அசைவில் தொப்பி எப்படி நிற்கிறது என்பதை அறிய அது தேவைப்பட்டது. குரல் இன்னும் சற்றுத் தாழ்ந்திருக்கலாம் என்று தோன்றியதால் மறுநாள் மீண்டும் சொன்னேன்.

எனக்கு இடக்காதுக்கு மேலே ஒரு புடைப்பு இருக்கிறது, ஐயா. ஆறு வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்ததன் மிச்சம். நெல்லிக்காய் அளவு இருக்கும். கொண்டை போட்டால் வெளியே தெரியாது. நானே அதை மறந்துபோயிருந்தேன். தொப்பி மறக்கவில்லை.

ஆண்டுத் தேர்வுகளைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் இரண்டு தேர்வுகளிலும் என் கணவரைக் காப்பாற்றியவள் நான்தான். நெற்றியின் குறுக்கே சிவப்பாக விழுந்த தடத்தின்மேல் என்னுடைய முகப்பூச்சைத் தடவி அனுப்பினேன். அவர் கண்ணாடியில் பார்த்து, "நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்" என்றார். பூச்சின் ஓரத்தை விரலால் சரிசெய்தேன். அவர் வேலையை இழக்க வேண்டுமென்று ஒருபோதும் நினைத்ததில்லை. இழந்தால் தொப்பி இல்லை, வலி இல்லை, கதவு இல்லை. என் அக்கறை உண்மையானது என்பதற்கு இதைவிட வேறு சான்று என்ன இருக்க முடியும்?

கடைசி மாதங்களில் பெரியவர் அவர் தலைக்குள் இறங்கவில்லை; தலைமேல் அமர்ந்திருந்தார். விழாமலிருக்கக் கழுத்தை இரும்புக் கம்பிபோல் வைத்துக்கொண்டு நடந்தார். அந்தக் கம்பீரத்தைப் பாராட்டுப் புத்தகத்தில் ஏழு பேர் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் நடந்த தேர்வில் முன்கூடத்துக் குளிரூட்டி பழுதாகிவிட்டது. வியர்வையில் பூச்சு வழிந்தது. மேலாளர் குனிந்து பார்த்தார்.

"என்னய்யா இது, நெத்தியில ரயில் தண்டவாளம் போட்டு வச்சிருக்க?"

"நேத்து தூங்கும்போது தலகாணி மடிப்பு, சார்."

"குனி பார்ப்போம்."

குனிந்தார். பெரியவர் உருண்டு வரவேற்பு மேசைக்கு அடியில் போய் நின்றார். லிஃப்ட் இயக்குபவர் ஓடிப்போய் எடுத்துத் தூசி தட்டினார். யாரும் சிரிக்கவில்லை. தொப்பி சுருங்கியிருக்கலாம் என்று எவருக்கும், என் கணவருக்குக்கூட, தோன்றவில்லை. அவருடைய தலை வீங்கிவிட்டது என்றே எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அன்றே அவரைப் பழையபடி சாமான் அறைக்கு மாற்றினார்கள். பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் அழுதார். "பெரியவரே என்னைக் கைவிட்டுட்டாரு" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. கைக்குட்டை கொடுத்தேன், ஓரம் நான் மடித்தது.

மூன்றே நாளில் தலைவலி முற்றிலும் நின்றது. இயல்பான விஷயம். ஆனால் நாத்தனார் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். அடுக்களையில் என்னிடம் கிசுகிசுத்தார், தம்பியின் காதில் விழும் அளவுக்கு. "அணையப்போற விளக்கு பளிச்சுனு எரியும்னு சொல்லுவாங்க."

என் கணவர் அதைக் கேட்டார். தலை வீங்கியது, பிறகு வலி திடீரென்று ஓய்ந்தது, இரண்டையும் கூட்டிப் பார்த்துத் தான் சாகப்போவதாக முடிவு செய்தார். மருத்துவரிடம் போக மறுத்தார். இருக்கும் பற்களோடு போய்ச் சேர விரும்புவதாகச் சொன்னார். எனக்கு ஒரு பிரிவுக் கடிதம் எழுதிவைத்தார். கதவைப் பற்றி அதில் ஒரு பத்தி இருந்தது. நாயைப் பற்றிக்கூட ஒரு வரி இருந்தது. இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்திக் கொடுத்தேன், அழகாகப் படியெடுத்து உறையிலிட்டார்.

அன்று முதல் அவர் வேறு மனிதர். நான் தெருமுனை திரும்பும்போதே கதவு திறந்திருக்கிறது. வாசலில் நிற்கிறார், வலக்கை கதவில், இடக்கை மார்பில், தலை சற்றே தாழ. தொப்பி இல்லாமல். இருக்கிற நாட்களிலாவது மரியாதையாக இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறார். நான் கேட்டது இவ்வளவுதான், ஐயா. இரண்டு கைகளிலும் சுமையோடு வருகிற ஒருத்திக்குக் கதவைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். தொப்பியும் வேண்டாம், சரிகையும் வேண்டாம். அது எனக்குக் கிடைத்துவிட்டது. அதனால்தான் அவருக்கு ஒன்றுமில்லை என்பதை நான் இதுவரை அவரிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் என்ன? அவர் சாகமாட்டார். சாகாமலேயே சில ஆண்டுகள் சாகப்போகிறவராக இருந்துவிட்டுப் போகட்டும். நீங்களும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி நேற்றைய நிகழ்ச்சி. முன்கூடத்தில் நாற்பத்து மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். பெரியவரை எடுத்துக்கொண்டு நான் மேலாளர் பக்கத்தில் நின்றேன். பெரிய தலைகள் முதல் பார்வையிலேயே கழிந்தன. சிறிய தலைகளில் பெரியவர் இடப்பக்கம் மேடாக எழும்பி, வலப்பக்கம் சாய்ந்து, முதல் வணக்கத்திலேயே சரிந்தார். சமையல்காரர், தோட்டக்காரர், கணக்கர், லிஃப்ட் இயக்குபவர், எவரையும் ஏற்கவில்லை. பதினொரு மணிக்கு வரிசை தீர்ந்தது.

"இந்த விடுதியில பெரியவருக்கு ஏத்த தலையே கிடையாதா?" என்றார் மேலாளர், முகத்தைத் துடைத்தபடி.

"ஒரு தலை பாக்கி இருக்கு சார்" என்றார் லிஃப்ட் இயக்குபவர். "பெரியவரைக் கையில வச்சுக்கிட்டிருக்கிற அம்மாவோடது."

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தபடியே என் தலையில் வைத்தார்.

அது உட்கார்ந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உறைக்குள் தலையணை உட்கார்வதுபோல, எங்கும் இடைவெளியின்றி, எங்கும் இறுக்கமின்றி. சிரிப்பு நின்றது. நான் மூன்று முறை குனிந்து நிமிர்ந்தேன். கேட்காமலே செய்தேன், அது முறை என்பதால். விழவில்லை. மேலாளர் கழற்றி என் நெற்றியைப் பார்த்தார். தடம் இல்லை.

"இதுக்கு முன்னாடி போட்டுப் பார்த்திருக்கியாம்மா?"

"இல்லைங்க சார்" என்றேன். மூன்றாவது பொய் இது.

லிஃப்ட் இயக்குபவர் தொப்பியை வாங்கி உள்ளே கைவிட்டுத் தடவினார். இடப்பக்கம் ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு என் கொண்டையைப் பார்த்தார். "அம்மா, கொஞ்சம் திரும்புங்க" என்றார். மீதியை அவருடைய வாக்குமூலத்திலேயே படித்திருப்பீர்கள்.

ஆம், ஐயா, நான்தான் செய்தேன். மூன்று ஆண்டுகளாக, மாதம் ஒரு நூலிழையாக, மொத்தம் இரண்டு விரற்கடை. நான்கு பற்கள், ஒரு மூக்கெலும்பு, தேவையற்ற ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு பிரிவுக் கடிதம். எதையும் மறைக்கவில்லை. பதவி ஆசையால் செய்தேனா என்று கேட்டீர்கள். அந்த ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் இந்த விடுதியில் ஒரு முறை இருக்கிறது. அதை நான் ஏற்படுத்தவில்லை. நடத்தையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. விழவில்லை, தடமில்லை, நாற்பத்து மூன்று சாட்சிகள் இருக்கிறார்கள். என்னைத் தண்டிப்பது உங்கள் உரிமை. பெரியவரின் தீர்ப்பை மாற்றுவது உங்கள் உரிமையா என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். அந்த மரத்தலையைப் போட்டு இதைப் பழையபடி விரிக்கச் சொல்லிவிடாதீர்கள்; இப்போதுதான் சரியான அளவுக்கு வந்திருக்கிறது. பேசிக்கொண்டே எப்போது எடுத்து வைத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை. மேசையைவிடத் தலையில் இருப்பதே அதற்கு நல்லது.

நீங்கள் என் கணவரை அழைத்துவர ஆளனுப்பியிருப்பதாகச் சொன்னீர்கள். சாமான் அறையிலிருந்து அவர் இரண்டு கைகளிலும் பெட்டியோடுதான் வருவார். தயவுசெய்து அவரைப் பின்வாசல் வழியாக வரச் சொல்லிவிடுங்கள். இதைப் போட்டுக்கொண்டு வீட்டு ஆட்களைப் பார்ப்பது முறையல்ல.